மலை மேல் கோட்டை, அடிவாரத்தில் ஒரு சின்ன ஊர்: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் தெற்கு பிரான்சில், பிரனே மலையடிவாரத்தில் இருக்கும் மோன்செகூர் என்ற ஊரைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். நூற்றுச்சொச்சம் பேர் மட்டும் வாழும் ஊர், தலைக்கு மேலே 1,207 மீட்டர் உயரத்தில் ஒரு பழைய கோட்டை. அதைப் படித்துவிட்டு இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். சில கேள்விகளுக்கு இரண்டு வரி போதும், ஒன்றிரண்டுக்கு நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேள்வி: ஆகஸ்டில் மாமனார், மாமியார் எங்களிடம் வருகிறார்கள். பத்து வயதுப் பையனுக்குக் கோட்டை என்றால் உயிர். கார்கசோன் பார்த்தாயிற்று, ஒரே கூட்டம். மோன்செகூருக்கு எல்லோரையும் கூட்டிப் போகலாமா? (பாரிஸ் அருகே லா கூர்நெவ்விலிருந்து ஒரு வாசகி)

பதில்: கூட்டிப் போங்கள், ஆனால் எல்லோரையும் மேலே ஏற்றாதீர்கள். வண்டி நிறுத்துகிற இடத்திலிருந்து கோட்டைக்கு ஏறத்தாழ 150 மீட்டர் செங்குத்தான ஏற்றம். நடக்கப் பழகியவர்களுக்கு அரை மணி நேரம் ஆகும், நின்று நின்று போனால் முக்கால் மணி. தூரம் பெரிதில்லை, பாதைதான் சிரமம். சுண்ணாம்புப் பாறை, லட்சக்கணக்கான கால்கள் மிதித்து வழவழவென்று ஆகிவிட்டது, லேசாக ஈரம் பட்டால் வழுக்கும், ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் பயம். முட்டிவலி உள்ளவர்கள் வேண்டவே வேண்டாம். உங்கள் பையன் ஓடி ஏறிவிடுவான், அவனை முன்னால் விட்டுவிடாமல் கையோடு வைத்துக்கொள்ளுங்கள், மேலே சுவருக்கு வெளியே பல இடங்களில் தடுப்பு கிடையாது.

பெரியவர்கள் கீழே சும்மா காத்திருக்க வேண்டியதில்லை. பாதை தொடங்கும் இடத்திலேயே புல்வெளி இருக்கிறது, அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால் கோட்டை மொத்தமும் தெரியும். ஊருக்குள் ஒரு சின்ன அருங்காட்சியகம் உண்டு, மலையில் தோண்டி எடுத்த பொருள்களை அங்கேதான் வைத்திருக்கிறார்கள். அம்பு முனைகள், பெல்ட் கொக்கிகள், கத்தரிக்கோல், பகடைக் காய்கள். 1243-44இல் அரசப் படை இந்த மலையைச் சூழ்ந்து நின்ற முற்றுகைக்கு நடுவில் யாரோ உட்கார்ந்து பகடை உருட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தபோது எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது, ரொம்ப நேரம் அந்தக் கண்ணாடிப் பெட்டியை விட்டு நகரவில்லை.

அப்புறம், மறுநாளை மாமனார், மாமியாருக்காக வைத்துக்கொள்ளுங்கள். மிர்ப்புவா என்ற ஊர் பக்கத்தில்தான், முழுக்கச் சமதரை. நடுச்சதுக்கத்தைச் சுற்றி மர வீடுகள், அவற்றின் கீழே நிழலான மரத்தூண் தாழ்வாரம். அங்கே ஒரு வீட்டின் உத்தர முனைகளில் மனித முகங்கள், மிருக முகங்கள் என்று வரிசையாகச் செதுக்கியிருப்பார்கள். பையனை எண்ணச் சொல்லுங்கள். திங்கட்கிழமை போனால் சந்தையும் இருக்கும். ஃபுவா நகரத்துக் கோட்டைக்கும் ஏற்றம் உண்டு, ஆனால் பாவிய பாதை. மூன்று கோபுரம் அப்படியே நிற்கின்றன, இரண்டு சதுரம், ஒன்று வட்டம். கோட்டை என்றால் கோபுரம் இருக்க வேண்டும் என்று நினைக்கும் பையனுக்கு மோன்செகூரைவிட ஃபுவாதான் பிடிக்கும். அதனால் மோன்செகூரை முதலில் பார்த்துவிட்டு ஃபுவாவைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நீங்கள் சொல்லும் மோன்செகூருக்கு நான் இரண்டு வருடம் முன்பே போனேன். மூச்சு வாங்க ஏறிப் பார்த்தால் கூரையில்லாத நாலு சுவர். உள்ளே புல். பத்து நிமிடத்தில் இறங்கிவிட்டேன். இதில் அப்படி என்ன இருக்கிறது? (லியோனிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: உங்கள் ஏமாற்றம் எனக்குப் புரிகிறது, முதல் தடவை எனக்கும் அதே கதைதான். நம் இருவருக்கும் அங்கே யாரும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. நீங்கள் பார்த்த அந்தச் சுவர்கள், இந்த மலையில் தஞ்சம் புகுந்திருந்த கத்தாரியர்கள் என்ற கிறித்தவப் பிரிவினர் காலத்துச் சுவர்களே இல்லை. 1244இல் மலை பிடிபட்ட பிறகு, புதிய உடைமையாளரான லெவி குடும்பத்தின் காலத்தில் எழுந்தவை. கத்தாரியர்கள் வாழ்ந்த இடத்தைப் பார்க்க வேண்டுமானால் கோட்டைக்குள் தேடக் கூடாது, வெளியே வர வேண்டும். வடமேற்குப் பக்கம், பெரிய கோபுரத்தின் அடியில், மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் கல் அடித்தளங்கள் இருக்கின்றன. பார்த்தால் இடிந்த வயல் வரப்பு மாதிரி இருக்கும், பலர் திரும்பியும் பார்ப்பதில்லை. அவைதான் வீடுகள். ஒரு வீட்டின் பின்சுவர் பாறை, முன்சுவருக்குக் கீழே அடுத்த வீட்டின் கூரை, அதற்குக் கீழே பள்ளத்தாக்கு. அந்த அடித்தளங்களுக்குப் பக்கத்தில் நின்று கையை விரித்துப் பாருங்கள், ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு இடம் இருந்தது என்று தெரிந்துவிடும். ஏறத்தாழ 500 பேர் இப்படி இந்த உச்சியில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள்.

யார் இவர்கள்? கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து விலகிய கிறித்தவர்கள். 'கத்தாரியர்' என்பது மற்றவர்கள் வைத்த பெயர், அவர்கள் தங்களைக் கிறித்தவர்கள் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள், அவர்களுடைய துறவிகளை ஊர் மக்கள் 'நல்ல மனிதர்கள்', 'நல்ல பெண்கள்' என்று அழைத்தார்கள். உலகத்தின் தீமையை நல்ல கடவுள் படைத்திருக்க முடியாது என்பது அவர்கள் நம்பிக்கை. துறவு ஏற்றவர்கள் கொல்ல மாட்டார்கள், பொய் சொல்ல மாட்டார்கள், சத்தியம் செய்ய மாட்டார்கள். நெசவு மாதிரி ஒரு கைத்தொழில் செய்து பிழைப்பார்கள். பெண்களும் துறவு ஏற்கலாம். இதை ஒழிக்கப் போப் மூன்றாம் இன்னசென்ட் அறிவித்த சிலுவைப்போர் 1209இல் தொடங்கி 1229வரை நடந்தது. கிறித்தவ நாட்டுக்குள்ளேயே கிறித்தவர்கள் மேல் நடந்த சிலுவைப்போர் அது. அதற்குப் பிறகு, திருச்சபையிலிருந்து விலகியவர்களைத் தேடிப் பிடித்து விசாரிக்கும் திருச்சபையின் விசாரணை மன்றம் வந்தது. ஓடி ஒளிய இடமில்லாமல் போனவர்கள் இந்த மலையில் சேர்ந்தார்கள். இதன் பிரபு ரெமோன் தெ பெரேய் 1204 வாக்கில் இங்கே கோட்டையைப் புதுப்பித்திருந்தார். 1232இல் இது அவர்களுடைய சபையின் தலைமையிடமே ஆனது.

1242 மே மாதம் இந்த மலையிலிருந்து இறங்கிப் போன வீரர்கள் அவிஞோனெ என்ற ஊரில் விசாரணை அதிகாரிகள் இருவரையும் அவர்களுடன் இருந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், கதையில் ஒரு பக்கம் மட்டும் ரத்தம் சிந்தியது என்று சொன்னால் அது உண்மை ஆகாது. அடுத்த ஆண்டு மே மாதம் அரசப் படை வந்து மலையைச் சூழ்ந்தது. பத்து மாதம் பிடித்தது.

எப்படி விழுந்தது என்பதை நின்ற இடத்திலேயே பார்க்கலாம். மலை உச்சியின் கிழக்குக் கோடியில் ஒரு பாறை முனை தெரியும், ரோக் தெ லா தூர் என்று பெயர். குளிர்காலத்தில் ஓர் இரவு, மலையேறத் தெரிந்த ஆட்கள் அந்தச் செங்குத்துப் பாறையில் இருட்டிலேயே ஏறி அங்கிருந்த காவலை வீழ்த்தினார்கள். விடிந்ததும் தாங்கள் ஏறி வந்த வழியைப் பார்த்து, பகலாக இருந்தால் ஏறத் துணிந்திருக்கவே மாட்டோம் என்று நடுங்கினார்களாம், அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். அங்கே கல்லெறி பொறியை ஏற்றியதும் கதை முடிந்த மாதிரிதான். உச்சியோடு உச்சியாகக் கல் வந்து விழ ஆரம்பித்தது.

மார்ச் தொடக்கத்தில் சரணடைந்தார்கள். நிபந்தனை என்ன தெரியுமா? படைவீரர்கள் போகலாம், நம்பிக்கையைக் கைவிடுகிறவர்களும் போகலாம், மற்றவர்களுக்கு நெருப்பு. பதினைந்து நாள் அவகாசம். இங்கேதான் எனக்குத் தொண்டை அடைக்கும். அந்த அவகாசத்தின் கடைசி ஞாயிறு, மார்ச் 13 அன்று, இருபது பேருக்கு மேல் கத்தாரியத் துறவை ஏற்றார்கள். அவர்களில் படைவீரர்களும் இருந்தார்கள், சும்மா நடந்து வீட்டுக்குப் போயிருக்கக்கூடியவர்கள். தலையில் கை வைத்து நடக்கும் எளிய சடங்கு அது, கோன்சொலாமென் என்பார்கள். மூன்றே நாளில் என்ன ஆகும் என்று தெரிந்தே அதை வாங்கிக்கொண்டார்கள். 1244 மார்ச் 16 அன்று இருநூறுக்கும் மேற்பட்டவர்களைக் கீழே கொண்டுவந்து எரித்தார்கள்.

அதனால் சொல்கிறேன், இன்னொரு தடவை போங்கள். இந்தத் தடவை உள்ளே ஐந்து நிமிடம் போதும், மீதி நேரத்தை வெளியே அந்த அடித்தளங்களைப் பார்ப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அங்கே புதையல் இருக்கிறதாமே? இயேசு குடித்த கிண்ணம் அங்கேதான் என்றும் ஒரு வீடியோவில் பார்த்தேன். கோடையில் சூரிய ஒளி கோட்டைக்குள் அதிசயமாக வருமாம், உண்மையா? (மூன்று வாசகர்கள்)

பதில்: புதையல் என்ற வார்த்தைக்கு ஓர் அடிப்படை உண்டு. பிடிபட்டவர்கள் பின்னால் விசாரணை அதிகாரிகளிடம் கொடுத்த வாக்குமூலங்கள் எழுத்தில் இருக்கின்றன. கிறிஸ்துமஸ் சமயத்தில் இரண்டு பேர் பொன், வெள்ளி, நாணயங்களை மலையிலிருந்து கடத்திக் கொண்டுபோனார்கள் என்றும், கடைசி நேரத்தில் சிலரைக் கயிற்றில் இறக்கி அனுப்பினார்கள் என்றும் அவற்றில் வருகிறது. ஒரு சபையின் பணம், அவ்வளவுதான், பிழைத்த மற்றவர்களுக்குப் போய்ச் சேர வேண்டிய பணம். கிண்ணக் கதையெல்லாம் ரொம்பப் பின்னால் வந்தது, 1930களில் ஒரு ஜெர்மானியர் எழுதிய பிறகு பரவியது. அந்த வாக்குமூலங்களில் அப்படி எதுவுமே இல்லை. தயவுசெய்து அங்கே போய் எதையும் தோண்டிப் பார்க்காதீர்கள், பிரான்சில் அனுமதி இல்லாமல் தொல்லியல் இடத்தைத் தோண்டுவது குற்றம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஒரு கல்லை நகர்த்தினாலே அந்த வீடுகளைப் பற்றி மிச்சமிருக்கும் சாட்சியம் போய்விடும்.

சூரிய ஒளி உண்மைதான். ஜூன் 21 வாக்கில் விடியும்போது ஒளி கோபுரத்தின் ஒரு பக்க அம்புத்துளைகளில் நுழைந்து எதிர்ப்பக்கத் துளைகள் வழியே வெளியேறும், அதைப் பார்க்கவே இருட்டில் ஏறி வருகிறார்கள். அழகான காட்சி, நானும் ஒரு முறை குளிரில் காத்திருந்து பார்த்தேன். ஆனால் 'கத்தாரியர்களின் சூரியக் கோயில்' என்று யாராவது சொன்னால் முந்தின பதிலை நினைத்துக்கொள்ளுங்கள், அந்தக் கோபுரம் அவர்கள் இறந்த பிறகு எழுந்தது.

கேள்வி: என்னிடம் கார் இல்லை. ரயிலில் போக முடியுமா? (ஒரு மாணவர்)

பதில்: ஃபுவாவரை ரயில் உண்டு. துலூஸ் மத்தாபியோ நிலையத்திலிருந்து ஒன்றேகால் மணி நேரம். பாரிஸ் ஆஸ்தர்லிட்ஸிலிருந்து லத்தூர்-தெ-கரோல் போகும் இரவு ரயிலும் ஃபுவா வழியாகத்தான் போகும், ஆனால் பாதை வேலை நடக்கும் காலங்களில் அது ஓடாது, தேதியைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். ஃபுவாவிலிருந்து லவ்லனே ஊருக்குப் பஸ். சிக்கல் அதற்குப் பிறகுதான். லவ்லனேயிலிருந்து மோன்செகூர் பன்னிரண்டு கிலோமீட்டர்போல் இருக்கும், நம்பிப் போகிற மாதிரி பஸ் வசதி இல்லை. டாக்சி என்றால் முந்தின நாளே சொல்லி வையுங்கள், போய்ச் சேர்ந்ததும் திரும்பி வர எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதையும் பேசிவிடுங்கள். நான்கு பேர் சேர்ந்தால் துலூஸில் வாடகைக் கார் எடுப்பதுதான் லாபம்.

நடக்கத் தெம்பிருந்தால் இன்னொரு வழி இருக்கிறது, மாணவர் என்பதால் சொல்கிறேன். 'நல்ல மனிதர்களின் பாதை' என்று ஃபுவாவிலிருந்து கட்டலோனியாவின் பெர்காவரை போகும் நெடுநடைப் பாதை, ஜி.ஆர். 107, மோன்செகூர் வழியாகவே போகிறது. சிவப்பு-வெள்ளைக் கோடு பார்த்து நடந்தால் போதும். ஃபுவாவிலிருந்து இரண்டு நாள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் ரோக்ஃபிக்சாத் என்ற ஊர் வரும், அங்கேயும் பாறை மேல் ஒரு பாழடைந்த கோட்டை. இரண்டாம் நாள் தூரத்தில் மோன்செகூர் மலை தனியாக எழுந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டே அதை நோக்கி நடப்பது மாதிரி ஒரு வருகை காரில் போகிறவர்களுக்குக் கிடைக்காது.

கேள்வி: நாங்கள் சைவம். அந்த ஊரில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? தங்க இடம் உண்டா?

பதில்: சின்ன ஊர், சீசன் இல்லாத நாளில் திறந்த கடை ஒன்றுகூட இல்லாமல் போகலாம். லவ்லனேயில் ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம் வாங்கிக்கொண்டு மலையேறுங்கள், தண்ணீர் ஆளுக்கு ஒரு பாட்டில் கட்டாயம், மேலே குடிதண்ணீர் கிடையாது, கழிப்பறையும் கிடையாது. மதியச் சாப்பாடு உணவகத்தில் என்றால் பன்னிரண்டிலிருந்து இரண்டுக்குள், இரண்டரைக்குப் போய் நின்றால் அடுப்பை அணைத்திருப்பார்கள். இது பிரான்சின் கிராமம் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

வீட்டிலேயே அறை வாடகைக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள், 'ஷாம்ப்ரு தோத்' என்று தேடுங்கள். சில வீடுகளில் இரவுச் சாப்பாடும் தருவார்கள், வீட்டுக்காரர்களோடு ஒரே மேசையில். முன்பதிவு செய்யும்போதே 'சான் வியாந்த், சான் ப்புவாசோன்' என்று எழுதிவிடுங்கள், இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல் என்று அர்த்தம். வெறுமனே சைவம் என்றால் மீன் வைத்துவிடுகிறார்கள். எனக்குச் சாப்பாடு போட்ட ஒரு அம்மா, நான் இறைச்சி சாப்பிட மாட்டேன் என்றதும் மேலே மலையைக் காட்டி, "அவர்களும் சாப்பிட மாட்டார்கள்" என்றார். உண்மைதான், கத்தாரியத் துறவிகள் இறைச்சி, முட்டை, பால் எதையும் தொட மாட்டார்கள், மீன் மட்டும் உண்டு.

ஓர் இரவாவது தங்குங்கள். பகல் கூட்டம் போனபின் அந்த ஊர்த் தெருவில் நடந்தால் நீங்களும் மலையும் மட்டும்தான்.

கேள்வி: டிசம்பரில் போகலாமா?

பதில்: எனக்கு விருப்பமில்லை. பனி, இடி, பலத்த காற்று என்றால் பாதையை மூடிவிடுவார்கள். மலைப்பகுதி ஊர்கள் பலவற்றில் நவம்பர் 1 முதல் மார்ச் 31வரை காரில் குளிர்கால டயரோ பனிச் சங்கிலியோ இருக்க வேண்டும் என்று 2021 முதல் விதி, வாடகைக் கார் எடுக்கும்போது கேட்டு வாங்குங்கள். மே, ஜூன், செப்டம்பர் நல்லது. கோடையின் பிற்பகுதியில் போகிறவர்கள் பெலெஸ்தா ஊரருகே ஃபோந்தெஸ்தோர்ப் ஊற்றையும் விட்டுவிடாதீர்கள், மழை குறைந்த காலத்தில் அது விட்டு விட்டுச் சுரக்கும். குகைக்குள் தண்ணீர் வற்றி, கால் வைத்து நடக்கும் கற்கள் எல்லாம் வெளியே தெரியும், கொஞ்ச நேரம் பொறுத்தால் அதே கற்கள் உங்கள் கண்ணெதிரே ஒவ்வொன்றாக மூழ்கும். உள்ளே நிற்கிறவர்கள் நேரம் பார்த்து வெளியே வந்துவிட வேண்டும்.

கேள்வி: மகளுக்குப் பதினொரு வயது, எதையும் துருவித் துருவிக் கேட்பாள். மனிதர்களை உயிரோடு எரித்த இடம் என்று எப்படிச் சொல்வது? சொல்லாமல் கோட்டையை மட்டும் காட்டிவிட்டு வரலாமா? (துலூஸிலிருந்து ஒரு அப்பா)

பதில்: சொல்லாமல் வர முடியாது. பாதை தொடங்கும் புல்வெளிக்குப் பெயரே 'ப்ராத் தெல்ஸ் க்ரெமாத்ஸ்', எரிக்கப்பட்டவர்களின் வயல். எரித்தது சரியாக இந்த இடத்தில்தானா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை, ஆனாலும் நினைவுக்கல் இங்கேதான் இருக்கிறது, 1960இல் வைத்தது. அவள் அதை நிச்சயம் பார்ப்பாள், கேட்பாள். நீங்கள் மழுப்பினால் பலகையில் படித்துத் தெரிந்துகொள்வாள், உங்களிடமிருந்து தெரிந்துகொள்வதுதான் அவளுக்கு நல்லது.

இருநூறு பேர் என்று தொடங்காதீர்கள், எண்ணிக்கை குழந்தைக்குப் பிடிபடாது. ஒரு வீட்டைச் சொல்லுங்கள். மலையின் பிரபு ரெமோனுக்கு கோர்பா என்று மனைவி, எஸ்க்லார்மோன்த் என்று ஒரு மகள். கோர்பா அந்தப் பதினைந்து நாளில் துறவு ஏற்றார். கணவரோடு இறங்கிப் போயிருக்கலாம், போகவில்லை. அம்மாவும் மகளும் சேர்ந்தே நெருப்பில் போனார்கள், கோர்பாவின் தாயும் அவர்களோடு. கணவர் உயிரோடு இருந்தார், சில வாரங்களில் விசாரணை அதிகாரியின் முன் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வாக்குமூலத்தால்தான் இந்தப் பெயர்கள் நமக்குத் தெரியும்.

உங்கள் மகள் 'ஏன் போகவில்லை' என்று கேட்பாள். நம்புவதை விட்டுவிட்டேன் என்று பொய் சொல்லச் சொன்னார்கள், அவர்களுக்குப் பொய் சொல்ல முடியாது என்று சொல்லுங்கள். 'அப்படியென்றால் எரித்தவர்கள் கெட்டவர்களா' என்றும் கேட்பாள். அவர்கள் செய்தது கொடுமை, அதைக் கடவுளுக்காகச் செய்வதாக நினைத்தார்கள் என்று நான் சொல்வேன். அதற்கு மேல் அவள் என்ன கேட்டாலும் உங்களுக்குத் தோன்றுவதைச் சொல்லுங்கள், தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லுங்கள்.

மேலே ஏறுவதற்கு முன்னால் வேண்டாம், இறங்கி வரும்போது அந்தக் கல்லருகே உட்காருங்கள். அதில் தெற்கு பிரான்சின் பழைய மொழியான ஆக்சிதானில் எழுதியிருக்கும்: 'அல்ஸ் கத்தார்ஸ், அல்ஸ் மார்த்திர்ஸ் தெல் புர் அமோர் க்ரெஸ்தியான்'. கத்தாரியர்களுக்கு, தூய கிறித்தவ அன்பின் தியாகிகளுக்கு என்று பொருள். கீழே தேதி. பள்ளியில் பிரெஞ்சு படிக்கிற பெண் என்றால் பாதி வார்த்தையைத் தானே ஊகித்துவிடுவாள், படிக்க விடுங்கள். யாராவது பூ வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அவசரப்பட்டுக் கிளப்பாதீர்கள், டிக்கெட் கொடுக்கும் இடம் அதற்கு மேலேதான் இருக்கிறது, இந்தப் புல்வெளிக்குக் கட்டணமும் இல்லை, மூடும் நேரமும் இல்லை.